கூடைப்பந்து வீரர் தொடுத்த வழக்கு

விளையாட்டு வீரர்களைப் பற்றி எழுதப் புகும்போது, அவர்கள் எத்தனை முறை வென்றார்கள், எத்தனை புள்ளிகள் எடுத்தார்கள் என்று கணக்குச் சொல்வது வழக்கம். கணக்கு நல்ல விஷயந்தான். ஆனால் இன்று முதலில் நிற்கும் எண்ணை நாளைக்கு வேறொருவருடைய எண் பின்னுக்குத் தள்ளிவிடும். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கார் ராபர்ட்ஸன் எட்டிய எண்களில் பலவற்றைப் பிற்காலத்தவர் தாண்டிவிட்டார்கள். ஆயினும் அவர் செய்த ஒரு காரியத்தின் பலனை, அந்த தேசத்தில் கூடைப்பந்தை ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் எல்லாரும் அனுபவித்து வருகிறார்கள். அந்தக் காரியம் நடந்த இடம் நியாயஸ்தலம். ஆட்டத்தையும் வழக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருடைய சரித்திரம் பூர்த்தியாகும்.

கூடைப்பந்து பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுவோம். 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற தேகப் பயிற்சி ஆசிரியர் இருந்தார். குளிர்காலத்தில் வெளியே போய் விளையாட வழியில்லை. மாணவர்களுக்கோ உள்ளே அடைந்து கிடக்கப் பொறுமையில்லை. ஆசிரியர் இரண்டு பீச் பழக் கூடைகளைத் தருவித்து, பயிற்சிக் கூடத்தின் மாடி விளிம்பில் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டி, அவற்றில் பந்தைப் போடச் சொன்னார். அவ்வளவுதான், ஓர் ஆட்டம் பிறந்துவிட்டது. ஒய்.எம்.ஸி.ஏ. சங்கத்தாரின் மூலமாக அது பல தேசங்களுக்கும் பரவி, நம் பள்ளிக்கூட மைதானங்களுக்கும் வந்து சேர்ந்தது.

கட்சிக்கு ஐந்து பேர் ஆடும் இந்த ஆட்டத்தில் இருவருக்கு 'கார்டு' என்று பெயர். பொதுவாக இவர்கள் மற்ற மூவரையும்விட உயரம் குறைந்தவர்கள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு முன்னேறி, எதிரிகளின் நிலையைக் கண்ணால் அளந்து, தம் கட்சியில் யார் கையில் கொடுத்தால் கூடையில் விழும் என்று தீர்மானிப்பது இவர்களுடைய பொறுப்பு. நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். பரிமாறுகிறவர் தாமும் வயிறார உண்பது அபூர்வம். ராபர்ட்ஸன் அந்த அபூர்வத்தைச் செய்து காட்டியவர். பிறருக்குக் கொடுப்பதிலும் அவரே முதல்வர். தாமே எறிந்து புள்ளி சேர்ப்பதிலும் முதல் வரிசை.

பழக் கூடையும் கந்தைத் துணியும்

ஆஸ்கார் ராபர்ட்ஸன் 1938-ஆம் வருஷம் நவம்பர் 24-ந் தேதி, தென்பகுதியைச் சேர்ந்த டென்னஸி ராஜ்யத்தில் சார்லட் என்ற சிற்றூரில், கறுப்பு இனத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பிழைப்பைத் தேடி வடக்கே இண்டியானாபொலிஸ் நகருக்குப் போயிற்று. அங்கே கறுப்பு இனத்தாருக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டிருந்த குடியிருப்பில் அவர்கள் வசித்தார்கள்.

இண்டியானா ராஜ்யத்து மக்களுக்குக் கூடைப்பந்தில் உள்ள பித்து கொஞ்ச நஞ்சமல்ல. ஏழைச் சிறுவனையும் அந்தப் பித்து பிடித்துக்கொண்டது. ஆனால் பந்து வாங்கப் பணம் ஏது? டென்னிஸ் பந்துகளையும், ரப்பர் வளையம் போட்டு உருண்டையாகக் கட்டிய கந்தைத் துணிகளையும், வீட்டின் பின்புறத்தில் மாட்டியிருந்த ஒரு பீச் பழக் கூடையில் எறிந்து எறிந்து பழகினான். நெய்ஸ்மித் ஆசிரியர் வேறு வசதியில்லாமல் பழக் கூடையை மாட்டிய கதையை மேலே சொன்னோம். ஏறக்குறைய அறுபது வருஷங்களுக்குப் பிறகு, வேறு காரணத்தால், அதே பழக் கூடை மீண்டும் ஆட்டத்துக்கு வந்தது.

ஊர்வலம் போன வழி

அந்நகரில் கிரிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று உண்டு. கிரிஸ்பஸ் அட்டக்ஸ் என்பவர் 1770-ஆம் வருஷம் பாஸ்டன் நகரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் துப்பாக்கிக்கு இரையான கறுப்பு இனத்தவர். அமெரிக்க சுதந்திரத்துக்காக முதன் முதலில் இரத்தம் சிந்தியவர்களில் ஒருவர். பெயர் என்னவோ உத்தமமான பெயர். ஆனால் 1927-ல் அந்தப் பள்ளியைத் திறந்ததன் நோக்கம், கறுப்புப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் படிக்கலாகாது என்பதுதான். 1942 வரையில் ராஜ்யப் பள்ளிகளின் பந்தயச் சங்கத்தில் அதற்கு இடமே கொடுக்கவில்லை. பள்ளியில் இருந்த ஆட்டக் கூடமோ மிகச் சிறியது. பெரிய பந்தயங்களுக்கு வேறு இடங்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

ரே க்ரோ என்ற பயிற்சியாளரிடம் ராபர்ட்ஸன் ஆட்டம் கற்றார். 1955-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் அட்டக்ஸ் பள்ளி இண்டியானா ராஜ்யப் பட்டத்தை வென்றது. எல்லாரும் கலந்துகொள்ளும் ராஜ்யப் பந்தயத்தில் முற்றிலும் கறுப்பு மாணவர்களைக் கொண்ட ஒரு பள்ளி பட்டம் வென்றது அமெரிக்காவில் அதுவே முதல் தடவை.

வழக்கப்படி, பட்டம் வென்ற பள்ளியின் பிள்ளைகளைத் தீயணைக்கும் வண்டியில் ஏற்றி, நகரின் மத்தியிலுள்ள ஞாபகஸ்தம்பச் சதுக்கத்துக்கு அழைத்துப் போய்க் கொண்டாடுவார்கள். இந்தப் பிள்ளைகளும் வண்டியில் ஏறினார்கள். ஆனால் வண்டி சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நிற்காமல், கறுப்பு இனத்தார் வசிக்கும் பகுதியிலுள்ள ஒரு பூங்காவுக்குப் போய்விட்டது. நகரத்துக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்கள் நகரத்தின் நடுவில் நின்று சந்தோஷப்படக் கூடாதென்று அதிகாரிகள் முடிவு செய்திருந்தார்கள். பதினாறு வயது ராபர்ட்ஸன் கொண்டாட்டத்தின் நடுவிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். தனிக் குவளை வைத்த காப்பிக் கடைகளையும், சாத்தி வைத்த கோயில் கதவுகளையும் கண்ட நம் தேசத்தாருக்கு, அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருஷம் அதே பள்ளி 31 பந்தயங்கள் ஆடி 31-லும் வென்றது. ஒரு தோல்வியும் இல்லாமல் இண்டியானா ராஜ்யப் பட்டத்தை வென்ற முதல் பள்ளி அதுதான்.

கல்லூரியும் ரோமாபுரியும்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ராபர்ட்ஸன் ஓஹையோ ராஜ்யத்திலுள்ள சின்சினாட்டி சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே பெரிய கோஷ்டியில் ஆடிய மூன்று வருஷங்களிலும் தேசத்திலேயே அதிகப் புள்ளி எடுத்த மாணவர் அவர்தான். ஒரு பந்தயத்துக்குச் சராசரி 33.8 புள்ளிகள். அவர் ஆடிய காலத்தில் அந்தக் கோஷ்டி 79 பந்தயங்களில் வென்று 9-ல் மட்டுமே தோற்றது.

மைதானத்தில் அவருக்குக் கைதட்டியவர்களில் பலர், மைதானத்துக்கு வெளியே அவரோடு சமமாக உட்காரத் தயாராக இல்லை. டெக்ஸஸ் ராஜ்யத்தில் ஹூஸ்டன் நகருக்குப் பந்தயம் ஆடப் போனபோது, தோழர்கள் தங்கிய ஹோட்டலில் அவருக்கு இடம் தர மறுத்துவிட்டார்கள். கறுப்பு இனத்தாருக்கான ஒரு கல்லூரியின் மாணவர் விடுதியில் அவர் தனியாக இரவைக் கழிக்க நேர்ந்தது. இந்த அவமானங்களை அவர் மறக்கவில்லை; ஆனால் அவற்றுக்குப் பதிலை வாயால் சொல்லாமல் ஆட்டத்தால் சொன்னார்.

1960-ஆம் வருஷம் ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் அமெரிக்கக் கோஷ்டிக்கு ராபர்ட்ஸனும் ஜெரி வெஸ்ட் என்பவரும் கூட்டுத் தலைவர்கள். அந்தக் கோஷ்டி ஒரு பந்தயமும் தோற்காமல் தங்கப் பதக்கத்துடன் திரும்பியது.

மூன்று இரட்டை இலக்கங்கள்

அதே வருஷம் அவர் சின்சினாட்டி ராயல்ஸ் என்ற சம்பளக் கோஷ்டியில் சேர்ந்தார். என்.பி.ஏ. என்பது இத்தகைய கோஷ்டிகளின் கூட்டமைப்பு. முதல் வருஷத்திலேயே அவருடைய சராசரி 30.5 புள்ளிகள். இரண்டாம் வருஷமாகிய 1961-62-ல் அவர் செய்தது கூடைப்பந்துச் சரித்திரத்தில் தனி இடம் பெற்றது.

இந்த ஆட்டத்தில் ஒருவருடைய திறமையை மூன்று வகையில் அளக்கலாம். தாமே எறிந்து எடுத்த புள்ளிகள் ஒன்று. குறி தவறித் திரும்பும் பந்துகளைப் பாய்ந்து பிடித்தது இரண்டு. தோழர் கூடையில் போடும்படி பந்தைக் கொடுத்து உதவியது மூன்று. ஒரே பந்தயத்தில் இம்மூன்றிலும் பத்துக்குக் குறையாமல் எடுப்பது பெரிய சாமர்த்தியம். ராபர்ட்ஸன் அந்த வருஷம் முழுவதற்குமே சராசரியாக 30.8 புள்ளிகளும், 12.5 பந்துப் பிடிப்புகளும், 11.4 உதவிகளும் எடுத்தார். 79 பந்தயங்களில் 41-ல் மூன்று இரட்டை இலக்கங்களையும் எட்டினார். வேடிக்கை என்னவென்றால், அப்போது இதற்கு ஒரு பெயர்கூட இல்லை. பெயர் வைத்ததெல்லாம் பிற்காலத்தில்தான். 2016-17-ல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் என்ற வீரர் 42 முறை அவ்வாறு ஆடும் வரையில், 55 வருஷ காலம் ராபர்ட்ஸனுடைய எண்ணுக்கு ஈடு இல்லை.

அந்தக் காலத்து ஆட்டம் வேகம் மிகுந்தது; எறிகளும் தவறுகளும் அதிகம்; ஆகையால் எண்களும் பெருகின என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதே வேகத்தில்தான் மற்றவர்களும் ஆடினார்கள். அவர்களில் யாரும் இதைச் செய்யவில்லை. தவிர, தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதி என்.பி.ஏ.வில் வந்தது 1979-ல். ராபர்ட்ஸன் எடுத்தவை எல்லாம் இரண்டு இரண்டாகவும், தண்டனை எறிகளில் ஒன்று ஒன்றாகவும் சேர்த்தவையே.

அவருடைய உயரம் 6 அடி 5 அங்குலம். அக்காலத்துக் கார்டுகளில் அது மிக அதிகம். எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பந்தைத் தட்டியபடி, அங்குலம் அங்குலமாகக் கூடையை நெருங்குவார். எறியப் போவதுபோல் தலையை அசைத்து எதிரியைக் குதிக்க வைத்துவிட்டு, அவர் கீழே இறங்கும் சமயத்தில் தாம் ஒற்றைக் கையால் எறிவார். வித்தைகள் காட்டிக் கூட்டத்தை மயக்குவதில் அவருக்கு விருப்பமில்லை. கணக்குப் பிள்ளை பேரேடு எழுதுவதைப்போல, ஒரு கோடும் வீணாகாத ஆட்டம் அது.

1963-64-ல் அவர் லீகின் தலைசிறந்த வீரர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டார். 1960 முதல் 1968 வரை அந்த விருதைப் பில் ரஸ்ஸல், வில்ட் சேம்பர்லின் என்ற இரு ராட்சச வீரர்கள் தமக்குள்ளேயே பங்கிட்டுக் கொண்டிருந்தார்கள். இடையில் புகுந்து வாங்கியவர் இவர் ஒருவரே. ஆனாலும் கோஷ்டிக்குப் பட்டம் கிட்டவில்லை. 1963-ல் பாஸ்டன் கோஷ்டியோடு நடந்த ஏழாவது, தீர்மானமான பந்தயத்தில் ராபர்ட்ஸன் 43 புள்ளிகள் எடுத்தும் தோல்விதான்.

வாங்கவும் விற்கவும் மனிதர்கள்

இனி வழக்கின் கதைக்கு வருவோம். அக்காலத்தில் ஒரு வீரர் எந்தக் கோஷ்டியில் ஆட வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. கல்லூரியிலிருந்து வெளிவரும்போதே ஏதாவது ஒரு கோஷ்டி அவரைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவருக்கு விடுதலை கிடையாது. அதே கோஷ்டி அந்த ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொள்ளலாம். அதிகச் சம்பளம் தருகிறேன் என்று வேறு முதலாளி வந்தாலும் வீரர் போக முடியாது. ஆனால் முதலாளி நினைத்தால், வீரரைக் கேட்காமலே, வேறு ஊர்க் கோஷ்டிக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். சம்பளம் கிடைக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். மாட்டுச் சந்தையில் நல்ல காளைக்கு நல்ல தீவனமும் கிடைக்கத்தான் செய்கிறது. அதனால் காளை தன் எஜமானனைத் தானே தேர்ந்தெடுக்கிறது என்று ஆகிவிடுமா?

வீரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். முதலாளிகள் அதை லட்சியம் செய்யவில்லை. 1964-ஆம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி பாஸ்டனில் தேர்ந்த வீரர்களின் விசேஷப் பந்தயம் நடப்பதாக இருந்தது. நாடெங்கும் டெலிவிஷனில் காட்ட ஏற்பாடாகியிருந்தது. ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதி தந்தாலொழிய மைதானத்தில் இறங்க மாட்டோம் என்று வீரர்கள் உடை மாற்றும் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேலை போய்விடும் என்ற மிரட்டலுக்கும் அசையவில்லை. கடைசி நிமிஷத்தில் லீகின் தலைவர் வால்ட்டர் கென்னடி உறுதி கொடுத்த பிறகே ஆட்டம் ஆரம்பமாயிற்று. அன்றைய ஆட்டத்தில் சிறந்த வீரர் என்ற விருதை வாங்கியவர் ராபர்ட்ஸன்.

மறு வருஷம், 1965-ல், அவரே சங்கத்தின் தலைவரானார். அமெரிக்காவில் தேசிய அளவிலான ஒரு விளையாட்டுச் சங்கத்துக்குக் கறுப்பு இனத்தவர் ஒருவர் தலைமை வகித்தது அதுவே முதல் தடவை. 1974 வரை, ஒன்பது வருஷ காலம், அந்தப் பொறுப்பை அவர் தாங்கினார்.

வழக்கு

1967-ல் ஏ.பி.ஏ. என்ற பெயரில் போட்டி லீக் ஒன்று தோன்றியது. இரண்டு லீகுகளும் நல்ல வீரர்களுக்காகப் போட்டியிடவே, சம்பளங்கள் உயர்ந்தன. முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட யோசித்தார்கள். இணைந்துவிட்டால், வீரர்கள் போவதற்கு இருந்த ஒரே மாற்று வாசலும் அடைபட்டுவிடும்.

1970-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், நியூயார்க் நகரிலுள்ள மத்திய நியாயஸ்தலத்தில் ஒரு வழக்குத் தாக்கலாயிற்று. கோஷ்டிக்கு ஒருவராக 14 வீரர்கள் வாதிகள். முதல் வாதியின் பெயர் ஆஸ்கார் ராபர்ட்ஸன். லீகுகளை இணைப்பதும், வீரரை ஒரே கோஷ்டியோடு கட்டிப் போடும் ஷரத்தும், வியாபார ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டத்துக்கு விரோதம் என்பது அவர்கள் வாதம். சங்கத்தின் வக்கீலான லாரி ஃப்ளைஷர் அவர்களுக்குத் துணை நின்றார். வழக்கைக் கேட்ட நீதிபதி ராபர்ட் கார்ட்டரும் சாமான்யரல்ல. பள்ளிகளில் நிற வேற்றுமை செல்லாது என்று 1954-ல் அமெரிக்காவின் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கில் கறுப்புக் குழந்தைகளின் பக்கம் வாதாடிய வக்கீல்களில் அவர் ஒருவர்.

அந்த ஏப்ரல் மாதத்திலேயே ராயல்ஸ் கோஷ்டி ராபர்ட்ஸனை மில்வாக்கி பக்ஸ் என்ற கோஷ்டிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. பத்து வருஷம் உழைத்தவரை இரண்டு வீரர்களுக்கு ஈடாகக் கொடுத்தார்கள். அவருக்கு வயது 31. ஆட்டம் மங்கத் தொடங்கும் பருவம் என்று பலரும் நினைத்தார்கள். மில்வாக்கியிலோ ஏழடிக்கு மேல் உயரமுள்ள ஓர் இளைஞர் இருந்தார். பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகப் பிரசித்தி பெற்றவர் அவரே. ராபர்ட்ஸன் தம் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டு, பந்தை அந்த இளைஞர் கையில் கொண்டு சேர்ப்பதையே பிரதானமாக்கிக்கொண்டார். 1970-71-ல் அந்தக் கோஷ்டி 66 பந்தயங்களில் வென்று 16-ல் தோற்றது. இறுதிச் சுற்றில் பால்டிமோர் கோஷ்டியை நான்குக்கு நான்கு என்று தோற்கடித்துப் பட்டம் பெற்றது. ராபர்ட்ஸனுக்குச் சம்பள ஆட்டத்தில் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

பகலில் வழக்கு, இரவில் ஆட்டம் என்று சொல்லும்படி அடுத்த வருஷங்கள் கழிந்தன. செனட் சபையின் விசாரணைக் குழு முன்பும் அவர் போய்ச் சாட்சி சொன்னார். 1974-ல் பாஸ்டனோடு நடந்த இறுதிச் சுற்றின் ஏழாவது பந்தயமே அவருடைய கடைசிப் பந்தயம். அன்று அவர் எறிந்த 13-ல் 2 மட்டுமே கூடையில் விழுந்தன, கோஷ்டியும் தோற்றது. 35-ஆவது வயதில் அவர் ஓய்வு பெற்றார். 14 வருஷங்களில் 1,040 பந்தயங்கள், 26,710 புள்ளிகள், 9,887 உதவிகள். அதுவரை எந்தக் கார்டும் அவ்வளவு புள்ளிகள் எடுத்ததில்லை. எந்த வீரரும் அவ்வளவு உதவிகள் செய்ததில்லை.

வழக்கு இன்னும் நடந்துகொண்டே இருந்தது. 1975-ல் வழக்கைத் தள்ளிவிடும்படி முதலாளிகள் கேட்டதை நீதிபதி மறுத்துவிட்டார். இனித் தப்ப முடியாதென்று கண்ட முதலாளிகள் 1976-ல் சமரசத்துக்கு வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைத் தானாகவே கட்டிப் போடும் ஷரத்து ஒழிந்தது. பழைய கோஷ்டி அவரை வைத்துக்கொள்ள விரும்பினால், வெளியார் தருவதாகச் சொன்ன அதே சம்பளத்தைத் தானும் தர வேண்டும் என்று ஏற்பட்டது. அதன் பிறகே போட்டி லீகின் நான்கு கோஷ்டிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தன. திறந்த வாசல் படிப்படியாக அகன்று, 1988-ல் டாம் சேம்பர்ஸ் என்ற வீரர் எந்தத் தடையும் இல்லாமல் தம் இஷ்டப்படி கோஷ்டி மாறிய முதல் மனிதரானார். வழக்கில் ஏற்பட்ட ஏற்பாட்டுக்கு 'ஆஸ்கார் ராபர்ட்ஸன் விதி' என்றே பெயர் வழங்குகிறது.

வழக்கு முடிந்தபோது ராபர்ட்ஸன் ஆட்டத்தை விட்டு இரண்டு வருஷமாகிவிட்டது. தாம் பெற்றுத் தந்த சுதந்திரத்தை ஒரு நாள்கூட அவர் அனுபவிக்கவில்லை. ஓய்வு பெற்ற உடனே டெலிவிஷனில் ஆட்டத்தை வர்ணிக்கும் உத்தியோகம் கிடைத்தது. அதுவும் ஒரு வருஷத்துக்கு மேல் நீடிக்கவில்லை. வழக்குத் தொடுத்ததன் கூலி அது என்பது அவருடைய எண்ணம். அதற்காக அவர் வருந்தி ஓய்ந்துவிடவில்லை. சொந்த வியாபாரத்தில் இறங்கினார். 1997-ல், நோயுற்றிருந்த தம் மகளுக்குத் தம் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்து உயிர் காத்தார்.

மரியாதைகள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன. 1980-ல் கீர்த்தி மண்டபத்தில் இடம், 1998-ல் சிறந்த கல்லூரி வீரருக்கான கோப்பைக்கு அவர் பெயர், 2022-ல் என்.பி.ஏ.வின் மேற்குப் பிரிவுக் கோப்பைக்கும் அவர் பெயர்.

கொடுத்து உதவிய பந்துகளை ஆட்டக் கணக்கர்கள் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார்கள்: 9,887. ஆனால் ஒவ்வொரு கோடைக் காலத்திலும் ஒப்பந்தம் முடிந்த வாலிப வீரர்கள், எந்த ஊரில் ஆடலாம், என்ன சம்பளம் கேட்கலாம் என்று தாய் தந்தையரோடு உட்கார்ந்து யோசிக்கிறார்கள். அவர்களில் பலர் ராபர்ட்ஸனுடைய ஆட்டத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் கையிலும் ஒரு பந்தை வைத்துவிட்டுப் போனவர் அவர். அந்த உதவி மாத்திரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.